ஏழாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு யூதர்களைப் பற்றிய பாடம், கூடவே ஒரு சேவை: மும்பையில் எப்படிச் செய்யலாம்?

சயான் டீச்சர்:

எல்லோருக்கும் வணக்கம். சயான் பக்கம் ஒரு பள்ளியில் 6, 7, 8 வகுப்புகளுக்குச் சமூக அறிவியல் எடுக்கிறேன். பிள்ளைகளில் பாதிக்கு மேல் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். தாராவி, கோலிவாடா, ஆண்டாப் ஹில் பக்கத்திலிருந்து வருகிறவர்கள். இந்த வருஷம் பள்ளியில் ஒரு திட்டம் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வகுப்பும் இந்த ஊரில் வாழும் ஒரு சிறிய சமூகத்தைப் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படிக்க வேண்டும், அந்தச் சமூகம் அடுத்தவருக்கு உதவுவதைப் பற்றி என்ன சொல்கிறது என்று தெரிந்துகொண்டு அதையொட்டிப் பிள்ளைகளும் ஏதாவது ஒரு சேவை செய்ய வேண்டும். ஆறாம் வகுப்புக்குப் பார்சி, எட்டுக்கு ஈஸ்ட் இந்தியன் கிறிஸ்தவர்கள், என் ஏழாம் வகுப்புக்கு யூதர்கள்.

படிப்பைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலை இல்லை. காலா கோடாவில் இருக்கும் நீல நிற ஜெபாலயத்துக்கு (யூதர்களின் வழிபாட்டு இடம்) கூட்டிப் போய், நாலு போட்டோ எடுத்து, சார்ட் ஒட்டி முடித்துவிடக் கூடாது என்பது மட்டும்தான். சேவைதான் என்னை யோசிக்க வைக்கிறது. என் வகுப்பில் பலர் "சேவை"யை வாங்கிக்கொள்கிற வீடுகளிலிருந்து வருகிறவர்கள். போன வருஷம் ஒரு அறக்கட்டளை நோட்டுப் புத்தகம் கொடுக்க வந்தது. முதல் போட்டோ சரியாக வரவில்லை என்று ஒரு பிள்ளையிடமிருந்து நோட்டைத் திரும்ப வாங்கி, மறுபடி கையில் கொடுத்து எடுத்தார்கள். அவர்கள் போனபிறகு அந்தப் பெண் என்னிடம் கேட்டாள், "டீச்சர், அந்த போட்டோவை யாரெல்லாம் பார்ப்பாங்க?" இந்தப் பிள்ளைகளிடம் போய் "நீங்களும் ஏழைகளுக்கு உதவுங்கள்" என்று எப்படிச் சொல்வது? சொல்லலாமா? யூத மரபில் இதற்கு ஏதாவது வழி இருக்கிறதா? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், வேறு கோணத்தில் யோசனை இருந்தாலும் எழுதுங்கள்.

பைகுலாக்காரன்:

டீச்சர், இடங்களைப் பற்றி மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை விஷயம் தெரிந்தவர்கள் சொல்லட்டும். காலா கோடாவில் தொடங்காதீர்கள், மஸ்ஜித் பந்தரில் தொடங்குங்கள். காலா கோடாவில் இருக்கும் கெனெசெத் எலியாஹூ ஜெபாலயம் 1884-இல் பாக்தாத்திலிருந்து வந்த சசூன் வணிகக் குடும்பத்தின் ஜேக்கப் சசூன் கட்டியது, 2019-இல் புதுப்பித்துத் திறந்தபிறகு இன்னும் அழகாகிவிட்டது, எல்லாம் சரி. ஆனால் அதை முதலில் பார்க்கிற பிள்ளைக்கு யூதர் என்றால் பாக்தாத்திலிருந்து வந்த பெரும் பணக்காரர் என்று மனசில் பதிந்துவிடும். இந்த ஊர் யூதர்களில் பெரும்பாலோர் பெனே இஸ்ரேல். அலிபாக் பக்கம் நவ்காவ் கரையில் கப்பல் உடைந்து கரையேறியவர்கள் தங்கள் முன்னோர் என்பது அவர்கள் மரபு. கொங்கண் கிராமங்களில் செக்கு ஆட்டிப் பிழைத்தார்கள், சனிக்கிழமை மட்டும் செக்கைத் தொடமாட்டார்கள், அதனால் ஊரார் அவர்களுக்கு வைத்த பெயர் 'சனிவார் தேலி', சனிக்கிழமை எண்ணெய்க்காரர். வீட்டில் பேசுவது மராத்தி. குடும்பப் பெயர் திவேகர், கெஹிம்கர், பென்கர் என்று இருக்கும். திவே, கிஹிம், பேண் எல்லாம் அந்தக் கரையோரத்து ஊர்கள். மூன்று தலைமுறையாகத் தாராவியில் இருந்தும் சொந்த ஊர் எது என்று கேட்டால் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்தின் பேரைச் சொல்லும் பிள்ளைகளுக்கு இது சட்டென்று பிடிபடும்.

மஸ்ஜித் பந்தரில் இருப்பது ஷார் ஹரஹமீம், மும்பையின் மிகப் பழைய ஜெபாலயம். 1796-இல் சாமுவேல் எசக்கியேல் திவேகர் கட்டியது, தெருவுக்கும் சாமுவேல் தெரு என்றுதான் பெயர். மஸ்ஜித் ஸ்டேஷனுக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தக் கட்டடத்தால்தான் என்று சொல்வார்கள். தினமும் அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போகிற பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

அப்புறம் மஜ்காவில் சர் எல்லி கதூரி பள்ளி. 1875-இல் ஹாயிம் சாமுவேல் கெஹிம்கர் தன் சமூகத்துப் பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று ஆரம்பித்த பள்ளி அது. சமூகத்தில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள், 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்கச் சேர்த்தும் 5,000 பேர் இல்லை. பள்ளி மட்டும் நின்றுபோகவில்லை, இன்னும் நடக்கிறது. இன்று அங்கே படிப்பவர்களில் பெரும்பாலோர் யூதர் அல்லாத பிள்ளைகள். சேவை என்றால் என்ன என்று காட்ட எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல இடம் இந்த ஊரில் இல்லை.

சசூன் குடும்பத்தைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. நூலகம், பைகுலா மாகென் டேவிட் ஜெபாலயம், புனே ஆஸ்பத்திரி, சசூன் டாக் என்று கொடைகளையும் கட்டடங்களையும் மட்டும் அடுக்கிவிட்டுப் போகாதீர்கள். அந்தப் பணத்தில் பெரும்பங்கு சீனாவுக்கு அபின் ஏற்றி வந்தது. பன்னிரண்டு வயசுக்கு இது புரியும். அப்படி வந்த பணத்தில் ஆஸ்பத்திரி கட்டினால் அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று வகுப்பில் கேளுங்கள், ஒரு பீரியட் போதாது.

ஏட்டுச்சுவடி (செம்பூர்):

டீச்சர், உங்கள் கேள்விக்கு யூத மரபில் நேரான பதில் இருக்கிறது. தானம் வாங்கிப் பிழைக்கிற ஏழையும் தானம் கொடுத்தாக வேண்டும் என்பது அவர்கள் சட்டம். யூதர்களின் பழைய சட்ட விவாத நூலான தல்மூதில் இருக்கிறது, பிறகு 12-ஆம் நூற்றாண்டில் எகிப்தில் வாழ்ந்த யூத அறிஞர் மைமோனிடிஸ் தன் சட்டத் தொகுப்பில் அதை அப்படியே எழுதி வைத்தார். தனக்கு வந்ததிலிருந்தே கொஞ்சம் கொடுத்தால் போதும், ஆனால் கொடுக்க வேண்டும். அவர்களுக்குத் தானம் என்பது இஷ்டப்பட்டால் செய்கிற நல்ல காரியம் இல்லை, எல்லோர் மேலும் விழுந்த கடமை, அந்தக் கடமையிலிருந்து ஏழையை விலக்கி வைத்தால் அவனை மற்றவர்களுக்குக் கீழே வைத்ததாகிவிடும். நான் அதை இப்படித்தான் வாசிக்கிறேன். உங்கள் வகுப்புப் பிள்ளைகள் சேவை செய்யலாமா என்பதற்கு என் பதில், அவர்களை விட்டுவிட்டுச் செய்தால்தான் தப்பு.

வயசும் பொருத்தமான வயசுதான். யூதப் பையனுக்குப் 13, பெண்ணுக்குப் 12 ஆனதும் கட்டளைகள் அவரவர் பொறுப்பாகிவிடுகின்றன, அதைத்தான் பார் மிட்ஸ்வா, பாத் மிட்ஸ்வா என்கிறார்கள். வெளிநாடுகளில் பல யூதப் பள்ளிகளில் இந்த வயசுப் பிள்ளைகள் மூல நூல் வாசிப்பையும் ஒரு சேவைத் திட்டத்தையும் சேர்த்தே செய்கிறார்கள். தல்மூதில் இதைப் பற்றி ஒரு விவாதம் உண்டு. படிப்பு பெரிதா, செயல் பெரிதா? ரப்பி (யூத மத குரு) தார்ஃபோன் செயல் என்றார், ரப்பி அகீவா படிப்பு என்றார். படிப்புதான் பெரிது, ஏனென்றால் அது செயலுக்குக் கொண்டு போகிறது என்று கடைசியில் எல்லோரும் முடிவு செய்தார்கள். ஆகவே முதலில் வாசிக்க வையுங்கள், அதுவும் அவர்கள் முறையிலேயே. இரண்டு இரண்டு பேராக உட்கார்ந்து, ஒரு சின்னப் பகுதியைச் சத்தமாக வாசித்து, ஒருவரை ஒருவர் மறுத்துப் பேச வேண்டும், ஹவ்ரூதா என்பார்கள். வகுப்பு இரைச்சலாகத்தான் இருக்கும், பக்கத்து வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

வாசிக்க எது? மைமோனிடிஸ் சொன்ன தானத்தின் எட்டுப் படிகள். முகம் சுளித்துக் கொடுப்பது கடைசிப் படி. குறைவாக, ஆனால் மலர்ந்த முகத்தோடு கொடுப்பது அதற்கு மேல். கேட்டபின் கொடுப்பது, கேட்கும் முன்பே கொடுப்பது, அப்புறம் கொடுத்தவர் யார் என்று வாங்குகிறவருக்குத் தெரிந்து, வாங்குவது யார் என்று கொடுத்தவருக்குத் தெரியாதது. அதற்கும் மேலே, வாங்குவது யார் என்று கொடுத்தவருக்குத் தெரிந்து, வாங்குகிறவருக்குக் கொடுத்தவர் யாரென்று தெரியாமல் இருப்பது. மேலிருந்து இரண்டாம் படியில் இருவருக்குமே ஒருவரை ஒருவர் தெரியாது. எல்லாவற்றுக்கும் மேலே, கடனோ வேலையோ தொழிலில் பங்கோ கொடுத்து ஒருவர் இனி யாரிடமும் கேட்க வேண்டாதபடி ஆக்குவது. எட்டையும் எட்டுச் சீட்டில் எழுதி, கலைத்துப் போட்டு, பிள்ளைகளையே வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். மைமோனிடிஸின் வரிசையைக் கடைசியில்தான் காட்ட வேண்டும். அதன் பிறகு அந்த நோட்டுப் புத்தக போட்டோ எந்தப் படியில் வரும் என்று கேளுங்கள். அந்தப் பெண் கேட்ட கேள்விக்கு வகுப்பே பதில் சொல்லிவிடும்.

தானே அம்மா:

எங்கள் கட்டடத்தில் பெனே இஸ்ரேல் குடும்பம் ஒன்று எனக்குக் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இருக்கிறது, அந்த ஆன்ட்டியிடமிருந்து தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். தானேயில் இன்னும் பல குடும்பங்கள் இருக்கின்றன, ஜெபாலயமும் உண்டு. மும்பை நகருக்குள் மட்டும் தேடாதீர்கள்.

பிள்ளைகளுக்கு மலீதாவைப் பற்றிக் கட்டாயம் சொல்லுங்கள். நாம் காரியம் கைகூடினால் நேர்ந்துகொண்டதைச் செலுத்துகிற மாதிரி, அவர்கள் எலியாஹூ தீர்க்கதரிசிக்கு நன்றி சொல்லிச் செய்வது. ஆன்ட்டி வீட்டில் அவலை நனைத்து, தேங்காய்த் துருவலும் சர்க்கரையும் ஏலக்காயும் சேர்த்துப் பிசைந்து, ஒரு பெரிய தட்டில் குவித்து, சுற்றிலும் பழங்களை அடுக்குவார்கள். ஹீப்ருவில் பாட்டு, நடுநடுவே மராத்தியில் பேச்சு. பேரனுக்கு வேலை கிடைத்தபோது எங்களையும் கூப்பிட்டார்கள், அதே தட்டிலிருந்துதான் எங்கள் கைக்கும் வந்தது.

ஒரு வேண்டுகோள். யாரையாவது வகுப்புக்கு அழைத்தால், "நீங்க எப்போ இஸ்ரேல் போறீங்க?" என்று கேட்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் முன்பே சொல்லி வையுங்கள். இங்கேயே இருப்பவர்களுக்கு அது வருத்தமாக இருக்கும். காசா, அங்கே போர் என்று கேள்வி வரத்தான் செய்யும், வரட்டும், அதை வகுப்பில் நீங்கள் நேர்மையாகப் பேசுங்கள். மராத்தி பேசுகிற ஒரு பாட்டியை உட்கார வைத்து ஒரு நாட்டு அரசுக்காகப் பதில் சொல்ல வைக்கக் கூடாது, அவ்வளவுதான். 2008-இல் மும்பைத் தாக்குதலின்போது நரிமன் ஹவுஸ் என்ற யூத மையத்தில் நடந்ததையும் அவர்களிடம் கதை கேட்பது போலக் கேட்க வேண்டாம்.

அப்புறம் ஜிராட் டாக்டரைப் பற்றிச் சொல்லுங்கள். ஜெருஷா ஜிராட், பெனே இஸ்ரேல் பெண், லண்டனில் படித்துவிட்டு வந்து காமா ஆஸ்பத்திரியைப் பல வருஷம் நடத்தியவர், 1966-இல் பத்மஸ்ரீ வாங்கியவர். உங்கள் வகுப்புப் பெண் பிள்ளைகளில் நாலைந்து பேராவது காமாவில் பிறந்தவர்களாக இருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

சயான் டீச்சர்:

ஏட்டுச்சுவடி சார், நீங்கள் எழுதியதை ரிக்‌ஷாவில் வரும்போது படித்துவிட்டு வீட்டுக்கு வந்தும் மறுபடி படித்தேன். வாங்குகிறவரும் கொடுத்தாக வேண்டும் என்பதை நானே வகுப்பில் முதல் நாளில் சொல்லப் போகிறேன். எட்டுச் சீட்டும் செய்கிறேன். ஆனால் என்ன சேவை என்பது இன்னும் பிடிபடவில்லை. பணம் திரட்டச் சொல்ல எனக்கு மனசில்லை. ஜெபாலயத்தைப் பெருக்குவது, கல்லறைத் தோட்டத்தில் புல் பிடுங்குவது என்று தலைமையாசிரியர் சொல்கிறார், அவர்கள் கேட்காமல் நாமாகப் போய்ச் செய்வது சரியாகப் படவில்லை.

பரேல் தமிழன்:

அக்கா, நான் யூதர்களைப் பற்றி அதிகம் படித்தவன் இல்லை, மேலே எல்லோரும் எழுதியதைப் படித்ததும் தோன்றியதைச் சொல்கிறேன். டாட்டா மெமோரியல் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு வெளியே நடைபாதையில் பாருங்கள், நம் ஊர்க்காரர்களும் இருப்பார்கள். கையில் ஃபைல், ஒரு பிளாஸ்டிக் பை, தண்ணீர் பாட்டில். இந்தி சுத்தமாகத் தெரியாது. போன மாசம் விழுப்புரம் பக்கத்து அம்மா ஒருவர், மகனுக்கு கீமோ நடக்கிறது, டீக்கடையில் "காரம் வேணாம், காரம் வேணாம்" என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். அந்த அம்மா காசு வேண்டாம் என்கிறார் போல என்று கடைக்காரர் நினைத்துக்கொண்டார். நான் போய்ச் சொன்னபிறகுதான் மசாலா போடாத பாவ் கொடுத்தார்.

உங்கள் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, பள்ளியில் மராத்தி. பெரிய ஸ்கூல் பிள்ளைகளிடம் இது கிடையாது. சட்டைப்பையில் வைக்கிற அளவுக்கு ஒரு சின்னக் கையேடு எழுதச் சொல்லுங்கள். தமிழில் கேள்வி, பக்கத்திலேயே தமிழ் எழுத்தில் இந்தி. சீட்டு எங்கே போடணும், பர்ச்சி கஹான் பனேகி. காரம் வேண்டாம், தீக்கா நஹீ சாஹியே. தாதர் ஸ்டேஷனுக்கு எந்த பஸ், இந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, இந்த மாதிரி. என்னென்ன கேள்வி வேண்டும் என்பதை நாமாக முடிவு செய்யாமல், ஊரிலிருந்து வைத்தியத்துக்கு வந்து தங்கியிருக்கும் சொந்தக்காரர்களிடம் பிள்ளைகள் கேட்டு வரட்டும், தாராவியில் அப்படிப்பட்ட வீடு நிறைய. மருந்து விஷயமாக வருகிற வரிகளை மட்டும் ஒரு நர்ஸிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குள் போக வேண்டியதே இல்லை, போகவும் கூடாது, கீமோவில் இருப்பவர்களுக்குச் சளி, காய்ச்சல் ஒட்டினால் ஆபத்து. அங்கே இருக்கும் சமூகப் பணியாளர்களிடம் கொடுத்துவிட்டால் அவர்களே தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுப்பார்கள். அட்டையில் பள்ளிப் பெயர்கூட வேண்டாம்.

ஏட்டுச்சுவடி (செம்பூர்):

பரேல் தம்பி சொன்னதைச் செய்யுங்கள் டீச்சர். கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒருவரை ஒருவர் தெரியாது, இரண்டாம் படி. நோயாளியைப் போய்ப் பார்ப்பதும் யூதர்களுக்குக் கடமைதான், பிகூர் ஹோலிம் என்பார்கள். பார்க்கப் போகிறவர் நோயில் அறுபதில் ஒரு பங்கை எடுத்துச் செல்கிறார் என்று தல்மூதில் ஒரு வரி உண்டு. அப்படியென்றால் அறுபது பேர் போனால் நோய் தீர்ந்துவிடுமா என்று அங்கேயே கேள்வியும் வருகிறது, ஒவ்வொருவரும் மிச்சம் இருப்பதில்தான் அறுபதில் ஒரு பங்கை எடுக்கிறார் என்று பதிலும் வருகிறது. கணக்கு டீச்சரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பைகுலாக்காரன்:

தேதியைப் பற்றி ஒரு வார்த்தை. செப்டம்பர், அக்டோபரில் அவர்களுடைய புத்தாண்டு, யோம் கிப்பூர், சுக்கோத் என்று பண்டிகைகள் வரிசையாக வரும், அப்போது போக வேண்டாம். வெள்ளி மாலையிலிருந்து சனி முழுக்கவும் வேண்டாம். ஞாயிறு காலை வசதி. பாதுகாப்புக் கெடுபிடி இருக்கும், பள்ளி லெட்டர்ஹெட்டில் கடிதமும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலும் முன்பே கொடுத்துவிடுங்கள், கூட வரும் பெரியவர்கள் அடையாள அட்டை எடுத்துக்கொள்ளட்டும். பையன்கள் தலையை மூட வேண்டும், ஆளுக்கு ஒரு கைக்குட்டை கொண்டுவரச் சொன்னால் போதும். சாமுவேல் தெரு மொத்த வியாபாரச் சந்து, கைவண்டிகள் வந்துகொண்டே இருக்கும், இரண்டு இரண்டு பேராகக் கை கோத்து நடக்க வையுங்கள்.