மகனுக்கு ட்ராவே சிண்ட்ரோம்: தடுப்பூசியால் வந்ததா?

கயல்_அம்மா:
மெல்பர்னில் இருக்கிறோம். மகனுக்குப் பதினோரு மாதம். ஆறாம் மாதத் தடுப்பூசி போட்ட அன்று இரவு காய்ச்சல் ஏறி, இடது கையும் காலும் மட்டும் வெட்டி வெட்டி இழுத்தது. ஆம்புலன்ஸ் வந்தும் நிற்கவில்லை, மொத்தம் இருபத்தைந்து நிமிடம். அதற்குப் பிறகு மூன்று முறை வந்துவிட்டது, ஒரு தடவை வலப்பக்கம். போன வாரம் ரிப்போர்ட் வந்தது: எஸ்சிஎன்1ஏ மரபணுவில் பிறழ்வு, ட்ராவே சிண்ட்ரோம் என்ற கடுமையான வலிப்பு நோய். எனக்கும் கணவருக்கும் அந்தப் பிறழ்வு இல்லையாம். ஊரிலிருந்து வந்திருக்கும் மாமியார், "உங்க ரெண்டு பேருக்கும் இல்லைன்னா ஊசியாலதானே வந்திருக்கணும்?" என்கிறார். எனக்கே சந்தேகம்தான். அன்றைக்கு ஊசி போட அவனை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டவள் நான்.

ட்ராம்காரன்:
தங்கச்சி, என் மகளுக்கும் இதே நோய். இப்போது ஒன்பது வயது. நானும் இதே கேள்வியோடு ஒரு வருஷம் தூங்காமல் இருந்தவன்.

நீங்கள் இருக்கும் ஊரிலேயே இதற்குப் பதில் தேடினார்கள். இங்கிரிட் ஷெஃபர், சாமுவேல் பெர்கோவிக் என்று இரண்டு நரம்பியல் மருத்துவர்கள், மெல்பர்ன்காரர்கள். 1995இல் வலிப்புக்கான முதல் மரபணு பிடிபட்டதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. 2001இல் பெல்ஜியத்தில் வேறொரு குழு ட்ராவே குழந்தைகள் ஏழு பேரைப் பார்த்தது, ஏழு பேருக்கும் எஸ்சிஎன்1ஏவில் பிறழ்வு. பெற்றோரிடம் இல்லாமல் பிள்ளையிடம் புதிதாக வந்தது. உங்கள் வீட்டுக் கதைதான். கருவாகும்போதே நேர்ந்துவிடுகிற எழுத்துப்பிழை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறாம் மாதத்து ஊசி உடம்பு முழுக்க இருக்கும் மரபணுவை மாற்ற முடியாது.

2006இல் பெர்கோவிக், ஷெஃபர் குழு, தடுப்பூசி போட்டு 72 மணி நேரத்துக்குள் வலிப்பு தொடங்கி, 'ஊசியால் மூளை பாதித்தது' என்று முத்திரை குத்தப்பட்ட 14 பேரைத் தேடிப் பரிசோதித்தது. 11 பேருக்கு எஸ்சிஎன்1ஏ பிறழ்வு. நான் அந்த வரியை பிரேக் நேரத்தில், டிப்போ பெஞ்சில் உட்கார்ந்து போனில் படித்தேன். டீ ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை.

ஊசிக்குச் சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். ஊசிக்குப் பின் வரும் காய்ச்சல் முதல் வலிப்பைக் கொஞ்சம் முன்னால் இழுத்துவிடலாம். 2010இல் அதே குழு அதையும் பார்த்தது. ஊசியை ஒட்டித் தொடங்கிய பிள்ளைகளுக்குச் சராசரியாக இரண்டு மாதம்போல முந்தியிருந்தது. ஆனால் பிற்பாடு வளர்ச்சியில் இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. ஊசி இல்லாவிட்டால் அடுத்த சளிக்காய்ச்சலில் வந்திருக்கும்.

அதைவிட முக்கியம் மருந்து. இந்த மரபணு செய்வது, மூளையின் துடிப்பை அடக்கும் 'பிரேக்' செல்களுக்குள் சோடியம் போகிற வாயில். அது பாதியாகிவிட்டது. கார்பமசெபின், லாமோட்ரிஜின் போன்ற வலிப்பு மருந்துகள் சோடியம் வாயிலை இன்னும் அடைப்பவை. என் மகளுக்கு ரிப்போர்ட் வருவதற்கு முன்பு ஓரிடத்தில் கார்பமசெபின் எழுதினார்கள். வலிப்பு வாரம் ஒன்று என்று இருந்தது, நாளுக்கு மூன்று என்றானது. குற்றம் சொல்லவில்லை, அவர்களுக்கும் அப்போது பெயர் தெரியாது. உங்கள் பையனின் மருந்துப் பட்டியலை ஒருமுறை டாக்டரிடம் வாய்விட்டுக் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், மாமியார் எண்ணெய் தேய்த்துச் சுடச்சுட ஊற்றுகிறாரா? உடம்புச் சூடு ஏறினாலே சில பிள்ளைகளுக்கு வந்துவிடும். எங்கள் வீட்டில் இரண்டாவது வலிப்பு குளியல் தொட்டியில்தான்.

மலர்_நர்ஸ்:
ட்ராம்காரன் அண்ணா சொன்னது சரி. ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: ரத்தத்தில் இல்லை என்றாலும், சில பெற்றோருக்கு உடம்பின் ஒரு பகுதி செல்களில் மட்டும் அந்தப் பிறழ்வு ஒளிந்திருக்கலாம். அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசகரைப் பாருங்கள். மிச்சத் தடுப்பூசிகளையும் நீங்களாக நிறுத்த வேண்டாம். காய்ச்சல் மருந்தும் வலிப்பை நிறுத்தக் கன்னத்துக்குள் விடும் மிடஸோலம் மருந்தும் கையில் வைத்துக்கொண்டு எப்படிப் போடுவது என்று டாக்டரோடு திட்டம் போடுங்கள்.

கயல்_அம்மா:
ரொம்ப நன்றி அண்ணா, மலர். மருந்து வால்புரோயேட்டும் க்ளோபஸாமும்தான், கார்பமசெபின் இல்லை. 14இல் 11 என்று அத்தையிடம் சொன்னேன். "சரி, மிச்ச மூணு பேருக்கு?" என்று கேட்கிறார்!

ட்ராம்காரன்:
கணக்கு வாத்தியாரா உங்கள் மாமியார்? அந்த மூவரில் இரண்டு பேருக்கு இருந்தது லெனாக்ஸ்-கஸ்டோ, வேறு வகை வலிப்பு. ட்ராவே என்று தெளிவாகத் தெரிந்த எட்டுப் பேருக்கும் பிறழ்வு இருந்தது.

கயல்_அம்மா:
சொன்னேன். ஒன்றும் பேசவில்லை. ஆனால் இன்றைக்கு வெந்நீரில் தண்ணீர் விளாவி, முழங்கையை விட்டுப் பார்த்துத்தான் ஊற்றினார்.