வணிக மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு நிரலாக்க வழிகாட்டி நூல் உண்மையில் பயன்படுமா?

கேள்வி: பின்னலூரான், திருப்பூர்

வணக்கம். பனியன் கம்பெனிகளுக்கும் ஜவுளிக் கடைகளுக்கும் பில்லிங், இருப்புக் கணக்கு மென்பொருள் செய்து தரும் சிறிய அலுவலகத்தில் நான்கு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். நிரல் எழுதுகிறவர்கள் ஐந்து பேர். பழைய பகுதி விஷுவல் பேசிக் 6, புதியது சி ஷார்ப் என்ற நிரல்மொழிகளில், அடியில் தரவுத்தளமாக எஸ்க்யூஎல் சர்வர். நான் பி.காம். படித்தவன். நிரல் எழுதுவதை இங்கேதான், மற்றவர்கள் எழுதி வைத்ததைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டேன்.

2025 செப்டம்பர் 22ஆம் தேதி ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறியபோது நாங்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆயத்த ஆடையில் ஓர் உருப்படி 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 என்று இருந்தது, 2,500 வரை 5, அதற்கு மேல் 18 என்று ஆனது. எங்கள் நிரலில் இந்த 1,000 என்ற எண்ணும் 12 என்ற எண்ணும் 61 இடங்களில் நேரடியாக எழுதப்பட்டிருந்தன. மூன்று இரவு உட்கார்ந்து மாற்றினோம். பிறகும் தப்பு வந்தது. ஆகஸ்டில் 1,800 ரூபாய்க்கு விற்ற சட்டை அக்டோபரில் திரும்பி வந்தபோது, 12 சதவீதத்தில் போட வேண்டிய கிரெடிட் நோட்டை (திரும்பிய சரக்குக்குத் தரும் வரவுச் சீட்டு) மென்பொருள் 5 சதவீதத்தில் போட்டது. கடைக்காரரின் ஆடிட்டர்தான் கண்டுபிடித்தார்.

இதன் பிறகு எங்கள் முதலாளி, ஒரு நல்ல வழிகாட்டி நூல் சொல்லுங்கள், எல்லாருக்கும் வாங்கித் தருகிறேன் என்றார். நண்பன் 'கோட் கம்ப்ளீட்' என்றான். ஸ்டீவ் மெக்கானல் எழுதியது, இரண்டாம் பதிப்பு 2004, 900 பக்கங்களுக்கு மேல். புரட்டிப் பார்த்தேன். நம் பில்லும் நம் வரியும் இதில் எங்கே வரப்போகின்றன என்று எனக்கு விளங்கவில்லை. பள்ளியில் தமிழ்வழியில் படித்தவன் என்பதால் ஆங்கிலத்தில் இவ்வளவு பெரிய நூல் தயக்கமாகவும் இருக்கிறது. படித்துப் பயன்பட்டவர்கள் யாராவது சொல்லுங்கள்.

பதில் 1: வரவுசெலவு, கோயம்புத்தூர்

தம்பி, வாங்கச் சொல்லுங்கள். ஆனால் ஐந்து வேண்டாம், அலுவலகத்துக்கு இரண்டு போதும். முதல் பக்கத்திலிருந்து படிக்கவும் வேண்டாம். நேராக 18ஆம் அத்தியாயத்தைத் திறங்கள்.

அந்த அத்தியாயம் சொல்வது இதுதான்: 'இப்படி இருந்தால் இது, அப்படி இருந்தால் அது' என்று நிரலில் நிபந்தனைகளை அடுக்காதீர்கள். விதியை அட்டவணையில் வையுங்கள், நிரல் அதைப் பார்த்து எடுத்துக்கொள்ளட்டும். காப்பீட்டுக் கட்டணத்தை எடுத்துக்காட்டாக வைத்து விளக்கியிருப்பார். அதிலேயே படிக்கட்டு முறை என்று ஒரு பகுதி உண்டு. குறிப்பிட்ட வரம்பு வரை ஒரு விடை, அதைத் தாண்டினால் அடுத்த படி. உங்கள் சட்டைக்கு 2,500 வரை 5, அதற்கு மேல் 18 என்பது அந்தப் படிக்கட்டேதான். அதோடு 'எந்தத் தேதி முதல், எந்தத் தேதி வரை' என்று இரண்டு கட்டங்களைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 ஜூலை 1 முதல் 2025 செப்டம்பர் 21 வரை அட்டவணையில் இரண்டு வரிசை, செப்டம்பர் 22 முதல் இரண்டு வரிசை. மொத்தம் நான்கு வரிசைகள். நீங்கள் மூன்று இரவு விழித்தது இந்த நான்கு வரிசைகள் இல்லாததால்.

எனக்கு இந்தத் தொழிலில் 22 ஆண்டுகள் ஆகின்றன. 2017இல் வாட் போய் ஜி.எஸ்.டி. வந்தபோது உங்களைப் போலவே நாங்களும் நிரலைத் தோண்டினோம். அதன் பிறகுதான் இந்த நூலை ஒழுங்காகப் படித்தேன். ஐந்து ஆண்டுகளாக அது என் மேசையிலேயே கிடந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

அடுத்து 12ஆம் அத்தியாயம். எண்களை நிரலில் பெயரில்லாமல் எழுதாதீர்கள் என்பதும், தசம எண்களைக் கணினி எப்படிப் பிடித்து வைத்திருக்கிறது என்பதும் அங்கே வருகின்றன. 0.1 என்பதை, தசம எண்ணைத் தோராயமாகவே பிடித்து வைக்கும் 'டபுள்' வகையில் பத்து முறை கூட்டினால் 1 வராது, 0.9999999999999999 வரும். பணத்தை 'டபுள்' வகையில் வைத்திருக்கும் பில்லிங் மென்பொருள்களை இன்றும் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. பணத்துக்கு, தசம எண்ணை அப்படியே வைத்திருக்கும் 'டெசிமல்' வகை மட்டும்தான்.

அதை மாற்றிய பிறகும் எங்களுக்குப் பைசா இடித்தது. வரிக்கு உட்பட்ட மதிப்பு 105 ரூபாய், மத்திய ஜி.எஸ்.டி. 2.5 சதவீதம் என்றால் 2.625 வருகிறது. பைசாவுக்குச் சரிசெய்யும் சி ஷார்ப்பின் 'ரவுண்ட்' கட்டளை, நாம் ஒன்றும் சொல்லாமல் விட்டால், சரிபாதியில் நிற்கும் எண்ணை இரட்டை எண் பக்கம் தள்ளும். ஆகவே 2.62. எஸ்க்யூஎல் சர்வரின் 'ரவுண்ட்' மேலே தள்ளும். ஆகவே 2.63. மாநில வரிக்கும் இதே கதை. பில் ஒன்று சொல்லும், மாதக் கடைசி அறிக்கை இன்னொன்று சொல்லும். ஒரு பில்லில் 2 பைசா என்பது கடைக்காரருக்குச் சிறிது. ஆனால் மாதம் நாலாயிரம் பில் போடுகிறவரின் கணக்குப்பிள்ளை அந்த வித்தியாசத்தைத் தேடி ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார். அந்தப் பெரியவரின் முகத்தை நான் மறக்கவில்லை.

இந்த 'ரவுண்ட்' விவகாரத்தை நூல் எனக்கு நேரடியாகச் சொல்லவில்லை. ஆனால் எங்கே சந்தேகப்பட வேண்டும் என்ற பழக்கம் அதிலிருந்துதான் வந்தது.

அதில் இல்லாதவையும் உண்டு. தரவுத்தளத்துக்கென்று அத்தியாயமே கிடையாது. இரண்டு கவுண்ட்டர்களில் ஒரே நொடியில் பில் போட்டால், 'கடைசி எண்ணோடு ஒன்றைக் கூட்டு' என்று எழுதிய நிரல் இருவருக்கும் ஒரே எண்ணைக் கொடுத்துவிடும். அதை வேறு இடத்தில்தான் கற்க வேண்டும். பில் எண் 16 எழுத்துகளுக்கு மேல் போகக்கூடாது, ஒரு நிதியாண்டுக்குள் திரும்ப வரக்கூடாது என்பதும், கம்பெனிச் சட்டத்தின்படி பதிவான நிறுவனங்களின் கணக்கு மென்பொருளில் 2023 ஏப்ரல் 1 முதல் திருத்தப் பதிவு (எந்தக் கணக்கு எப்போது மாற்றப்பட்டது என்ற குறிப்பு) இருந்தே ஆக வேண்டும், அதை அணைக்க வழி இருக்கக்கூடாது என்பதும் நம் ஊர் விதிகள். அவற்றை எங்கள் அலுவலகத்தில் ஒரு நீள நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். புதிதாகச் சேருகிறவருக்கு முதல் வாரம் அந்த நோட்டுதான் பாடம்.

ஆங்கிலத்துக்குப் பயப்படாதீர்கள். அவர் நடை எளியது. எங்களில் பாதிப் பேர் அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்கள். சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம், ஓர் அத்தியாயத்தில் பத்துப் பக்கம், கூடவே எங்கள் நிரலிலிருந்து ஒரு துண்டு. ஒருவர் வாசிப்பார், தமிழில் பேசிக்கொள்வோம். இப்படியே ஒன்றரை ஆண்டு போயிற்று.

பதில் 2: சம்பளப்பட்டியல், சென்னை

மேலே எழுதிய அம்மாவை மதிக்கிறேன், ஆனால் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. நான் சம்பள மென்பொருள் எழுதுகிறேன். பதினோரு ஆண்டுகளில் வாடிக்கையாளரிடம் போய்த் தலைகுனிந்த பிழைகளை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலானவை விதி தெரியாததால் வந்தவை. இ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்கு வரம்பு மாதச் சம்பளம் 21,000 ரூபாய். ஜூனில் ஒருவருக்குச் சம்பளம் கூடி வரம்பைத் தாண்டினால் உடனே பிடித்தத்தை நிறுத்தக்கூடாது, அந்தப் பங்களிப்புக் காலம் முடியும் செப்டம்பர் வரை பிடிக்க வேண்டும். நாங்கள் ஜூனிலேயே நிறுத்திவிட்டோம். நிரல் அழகாக இருந்தது, பெயர்கள் தெளிவாக இருந்தன, சோதனைகள் எல்லாம் தேறின. விதிதான் தப்பு. எந்த நிரலாக்க நூலும் இதைக் காப்பாற்றாது.

அந்தப் பணத்தில் ஓர் ஆடிட்டர் அலுவலகத்தில் மாதம் ஒரு நாள் உட்கார ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகளே நிரலைக் கோவையாக எழுதித் தருகின்றன. நாம் தெரிந்துகொள்ள வேண்டியது கணக்கும் சட்டமும்தான்.

பதில் 3: வரவுசெலவு, கோயம்புத்தூர்

ஆடிட்டரிடம் உட்காருவதை முழு மனதோடு ஏற்கிறேன். நான் எழுதாமல் விட்டது என் குறை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்த இ.எஸ்.ஐ. தப்பைக் கண்டுபிடித்த பிறகு, திருத்த எத்தனை நாள் ஆயிற்று? விதி ஒரே இடத்தில் இருந்திருந்தால் அன்று மாலையே முடிந்திருக்கும். சட்டத்தை ஆடிட்டர் சொல்லித் தருவார். அது மாறும்போது உடைந்து போகாத நிரலை அவர் சொல்லித் தர மாட்டார். கருவி எழுதித் தரும் நிரலையும் நான் பார்க்கிறேன். வரி விகிதத்தை நிரலுக்குள்ளேயே எழுதிக் கொடுப்பதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். அது தப்பு என்று தெரிய, படித்த கண் வேண்டும்.

பதில் 4: சம்பளப்பட்டியல், சென்னை

ஒன்பது நாள் ஆயிற்று. நான்கு இடங்களில் எழுதியிருந்தோம். நீங்கள் கேட்டது சரிதான்.

பதில் 5: பின்னலூரான், திருப்பூர்

அனைவருக்கும் நன்றி. முதலாளி இரண்டு பிரதிகள் வாங்கிவிட்டார். போன சனிக்கிழமை 18ஆம் அத்தியாயத்தை நான்தான் வாசித்தேன், அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு. எங்கள் மூத்தவர், இந்த 61 இடங்களில் பாதிக்கு மேல் அவரே எழுதியவர், முதல் வரி அட்டவணையைத் தாமே போட்டுக் காட்டினார். இதுவரை 17 இடங்கள் அட்டவணைக்குப் போய்விட்டன. ஆடிட்டரிடமும் பேசியிருக்கிறோம், மாதத்தின் மூன்றாவது வெள்ளி வரச் சொன்னார்.

அக்கா, ஒரு சந்தேகம். சரக்குத் திரும்பும்போது பழைய பில்லின் தேதியைக் கொண்டு அட்டவணையில் விகிதத்தைத் தேடினால் போதுமா?

பதில் 6: வரவுசெலவு, கோயம்புத்தூர்

போதாது தம்பி. பில் போடும்போதே அதில் ஒவ்வொரு பொருளின் வரிசையிலும் அன்று பிடித்த வரி விகிதத்தையும் வரித்தொகையையும் பதிந்து வைத்துவிடுங்கள். கிரெடிட் நோட்டில் மூல பில்லின் எண்ணையும் வரிசை எண்ணையும் வையுங்கள். திரும்பும்போது விகித அட்டவணைப் பக்கமே போகாமல், மூல பில்லின் அந்த வரிசையிலிருந்து எடுங்கள். அட்டவணையில் நாளை யாராவது தேதியைத் தவறாகத் திருத்தினாலும் வாடிக்கையாளர் கையில் இருக்கும் பில் மாறாது. பழைய பில்களில் விகிதம் பதியாமல் இருந்தால், மொத்தத்திலிருந்து கணக்கிட்டு ஒரு முறை நிரப்பிவிடுங்கள். நிரப்பும் முன் தரவுத்தளத்தை நகலெடுத்து வைக்க மறக்காதீர்கள்.