அம்மாவின் உண்ணி ஊசி: மூன்று வருடமா, பத்து வருடமா?

வெள்ளவத்தைக்காரி:
அம்மாவுக்கு 67 வயது. ஜூனில் சுவிஸில், வின்டர்தூரில் இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போகிறார். உண்ணி கடித்து வருகிற மூளைக்காய்ச்சலுக்கு 2015, 2016இல் ஜேர்மனியில் அண்ணா வீட்டில் நின்றபோது மூன்று ஊசியும் போட்டு, 2019இல் பூஸ்டரும் போட்டாச்சு. மஞ்சள் தடுப்பூசி அட்டையில் எஃப்எஸ்எம்இ-இம்யூன் என்று அந்த ஊசியின் பெயர் போட்ட ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது. அண்ணா சொல்கிறார், மூன்று வருடம்தான், 2022உடன் காலாவதி என்று. தங்கச்சியின் டொக்டர் 2029 வரை தாங்கும் என்கிறார். யாரை நம்புவது? பேரனைக் கூட்டிக்கொண்டு காட்டோரம் கீரை தேடிப் போகிற ஆள் இவர். இங்கேயே இரத்தம் எடுத்து எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவெடுக்கலாமா?

சூரிச்சிலிருந்து திரும்பியவன்:
அக்கா, இரண்டு பேரும் தங்கள் நாட்டு விதியைச் சரியாகத்தான் சொல்கிறார்கள். அந்த ஊசிக்கு ஜேர்மனியில் பூஸ்டர் இடைவெளி 60 வயதுக்குள் ஐந்து வருடம், அதற்கு மேல் மூன்று. சுவிஸ் 2006இலேயே எல்லா வயதுக்கும் பத்து வருடம் என்று மாற்றிவிட்டது. மூன்று ஊசியும் ஒழுங்காகப் போட்டவர்களுக்கு, அதிலும் பூஸ்டர் போட்டவர்களுக்கு, எதிர்ப்புச் சக்தி பல வருடம் நிற்பதைக் கண்டுதான் மாற்றினார்கள். ஆனால் வயது கூடக்கூட அது வேகமாக இறங்குகிறது, இளம் ஆட்களைப்போல நிற்காது. அம்மாவின் வயதில் நான் பத்து வருடம் காத்திருக்க மாட்டேன். போனவுடன் ஒரு ஊசி போடுங்கள், ஒன்றே போதும், முதலிலிருந்து மூன்றும் தொடங்கத் தேவையில்லை. உடம்பு பழைய ஊசியை மறப்பதில்லை.

தெகிவளை டொக்டர்:
இரத்தப் பரிசோதனைக்குப் போக முன் ஒரு கேள்வி. அம்மாவுக்கு எப்போதாவது டெங்கு வந்ததா?

வெள்ளவத்தைக்காரி:
வந்தது டொக்டர். 2017இல், ஊர் முழுக்கப் படுத்த அந்த வருடம். ஐந்து நாள் வார்டில் இருந்தார்.

தெகிவளை டொக்டர்:
அப்படியென்றால் அந்தப் பரிசோதனைக்குக் காசு செலவழிக்க வேண்டாம். டெங்கு வைரசும் இந்த வைரசும் ஒரே குடும்பம். டெங்குவுக்கு உண்டான எதிர்ப்புச் சக்தியையே வழக்கமான டெஸ்ட் பிடித்து, உண்ணி நோய்க்குப் பாதுகாப்பு இருக்கிறது என்று காட்டிவிடும். அதை நம்பி ஊசியைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து, டெங்கு வந்தவருக்கு இந்த நோய் வராது என்றும் இல்லை. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஊசி போட்டவர்களுக்கும் இதே குழப்பம் வரும். திருத்தமாகப் பார்க்கிற பரிசோதனை வேறு, அதைச் சாதாரண லாப்பில் செய்யமாட்டார்கள்.

சூரிச்சிலிருந்து திரும்பியவன்:
இன்னொன்று அக்கா. உண்ணியை உடனே பிடுங்கிவிட்டோம், தப்பித்தோம் என்று நினைக்க வேண்டாம். உண்ணியால் வருகிற இன்னொரு நோயான லைம் நோயைத் தடுக்க அது உதவும், ஆனால் இந்த வைரஸ் கடித்த சில நிமிடத்திலேயே எச்சிலோடு இறங்கிவிடும். நோய் வந்தபின் கொடுக்க மருந்தும் இல்லை. என் மகனின் முழங்கால் மடிப்பில் எள்ளளவு ஒன்று ஒட்டியிருந்ததை மச்சம் என்றே நினைத்தேன், கிட்டப் பார்த்தபோதுதான் கால் அசைந்தது. அம்மா கீரைக்குப் போனால் நீளக் காற்சட்டை, சப்பாத்து. பண்ணைகளில் தருகிற காய்ச்சாத ஆட்டுப்பாலும் வேண்டாம், அதிலும் வரும்.

வெள்ளவத்தைக்காரி:
சரி, டெஸ்டை விட்டாச்சு. போய் இறங்கிய வாரமே ஊசிக்கு நாள் எடுக்கச் சொல்லித் தங்கச்சிக்கு இப்போதுதான் அனுப்பினேன். அதற்குப் பிறகு இரண்டு வாரம் காட்டுப்பக்கம் போவதில்லை என்று அம்மாவும் ஒத்துக்கொண்டார், ஆட்டுப்பாலைப் பற்றித்தான் இன்னும் வாய் திறக்கவில்லை.