துக்கம் இதயத்தைக் கெடுக்குமா, சர்க்கரையும் கொழுப்பும்தான் காரணமா?

சாட்ஸ்வர்த் மருமகள்:
எங்கள் அத்தைக்கு நடந்ததைச் சொல்லி உங்கள் கருத்தைக் கேட்கலாம் என்று எழுதுகிறேன். மாமா தவறி, இன்னும் கருமாதி முடியவில்லை. காலையில் மாமா படத்துக்கு விளக்கேற்றப் போன அத்தை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஜாக்கெட் முதுகெல்லாம் நனையும் அளவுக்கு வேர்வை. வீட்டிலிருந்த பெரியவர்கள் "அழுது அழுது வந்தது, கொஞ்சம் படுக்கட்டும்" என்றார்கள். நான் கேட்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ஈசிஜி மாறியிருந்தது, இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் கசியும் ட்ரோபோனின் என்ற புரதம் ஏறியிருந்தது. ஆனால் ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்தால் அடைப்பே இல்லை. எக்கோவில் (இதய ஸ்கேனில்) இதயத்தின் இடது கீழறையின் நுனி பலூன் மாதிரி உப்பி, சுருங்காமல் நின்றது. டாகோட்சுபோ என்றார் டாக்டர், மாமா போன துக்கத்தால் வந்தது என்றார். இப்போது வீட்டில் இரண்டு கட்சி. துக்கம் இதயத்தை இவ்வளவு தூரம் ஆட்டிவைக்குமா?

வெருலம்காரன்:
அக்கா, அத்தை பிழைத்ததில் சந்தோஷம். டாக்டர் சொன்னதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்தப் பேச்சு நம் ஜனங்களுக்கு ஆபத்து. தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகர இந்தியர்களுக்கு மாரடைப்பும் சர்க்கரையும் அதிகம் என்பது பல பத்தாண்டுகளாகத் தெரிந்த விஷயம். அப்படியிருந்தும் ஒருவர் போய்விட்டால் "மகன் போன ஏக்கத்திலேயே போய்ட்டார்" என்கிறோம். அவர் மாத்திரையை எப்போது நிறுத்தினார் என்று யாரும் கேட்பதில்லை. ஏக்கம் என்று சொன்னால் குடும்பத்தில் யாருக்கும் பொறுப்பில்லை பாருங்கள்.

டோங்காட் நர்ஸ் (ஓய்வு):
தம்பி, பொறுப்பு பற்றி நீங்கள் சொல்வது சரி. அதற்காகத் துக்கத்தைக் கணக்கிலிருந்தே எடுத்துவிட முடியாது. இங்கிலாந்தில் மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைப் பின்தொடர்ந்த ஆய்வு 1969ல் வெளிவந்தது. முதல் ஆறு மாதத்தில் அவர்கள் இறந்த விகிதம், அதே வயதில் மனைவியோடு வாழும் ஆண்களைவிட 40 சதவீதம் அதிகம். அதில் பெரும்பங்கு இதய நோய். அமெரிக்காவில் மாரடைப்பு வந்த சுமார் இரண்டாயிரம் பேரை விசாரித்து 2012ல் ஓர் ஆய்வு வந்தது. நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு வழக்கத்தைவிடச் சுமார் 21 மடங்கு.

அதிர்ச்சியில் அட்ரினலின் வெள்ளமாகப் பாயும். ரத்தக்குழாய் சுருங்கும், பிரஷர் ஏறும், ரத்தம் சீக்கிரம் உறையும். ஏற்கெனவே குழாயில் கொழுப்பு படிந்திருந்தால் அது வெடித்து அடைக்கலாம். டாகோட்சுபோவில் அடைப்பு இல்லாமலேயே அந்த வெள்ளம் இதயத் தசையைக் கொஞ்ச நாள் மரத்துப்போக வைத்துவிடுகிறது என்று கருதுகிறார்கள். ஜப்பான் மருத்துவர்கள் 1990ல் இதை விவரித்தார்கள். வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் பெண்கள், பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள்.

வெருலம்காரன்:
21 மடங்கு என்றால் காதுக்குப் பெரிதாக இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒருவருக்கு மாரடைப்பு வரும் வாய்ப்பே மிகமிகச் சின்னது, அதைத்தான் 21ஆல் பெருக்குகிறீர்கள். அந்த 40 சதவீதமும் அப்படித்தான். புருஷனும் பெண்டாட்டியும் முப்பது நாற்பது வருஷம் ஒரே அடுப்பில் சாப்பிட்டவர்கள், ஒருவருக்கு இருந்த வியாதி இன்னொருவருக்கும் இருக்கும். அவள் போனபின் சமைக்க ஆளில்லை, கிளினிக்குக்குக் கூட்டிப்போக ஆளில்லை. இதெல்லாம் துக்கக் கணக்கிலா சேரும்?

பீனிக்ஸ் பையன்:
சேரும் அண்ணா, ஏன் சேராது? சமைக்க ஆளில்லாமல் போவதும் இழப்புதானே. 2021 ஜூலைக் கலவரத்தில் எங்கள் அப்பா ராத்திரி முழுக்கத் தெருமுனையில் காவல் நின்றார். அடுத்த ஏப்ரலில் வெள்ளம். அதுவரை கட்டுக்குள் இருந்த பிரஷர் அப்புறம் பழைய மாத்திரைக்கு அடங்கவே இல்லை. 52 நாடுகளில் நடந்த இன்டர்ஹார்ட் ஆய்வில், 2004ல் வந்தது, நம் தென்னாப்பிரிக்காவும் இருந்தது. மாரடைப்புக்கு அவர்கள் சொன்ன ஒன்பது காரணங்களில் சிகரெட், சர்க்கரை, கொழுப்போடு மன அழுத்தமும் ஒன்று. நீங்கள் இரண்டு பேரும் ஒரே பட்டியலை ஆளுக்குப் பாதியாகப் பிடித்துக்கொண்டு இழுக்கிறீர்கள்.

வெருலம்காரன்:
தம்பி, பட்டியலில் எல்லாம் ஒரே எடை இல்லை. துக்கத்துக்கு மாத்திரை கிடையாது, சர்க்கரைக்கு உண்டு. கையில் இருப்பதை முதலில் செய்யலாமே என்கிறேன். அக்கா, அத்தையின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தீர்களா?

டோங்காட் நர்ஸ் (ஓய்வு):
பார்க்கட்டும், நல்லதுதான். எனக்கு இதைவிடப் பெரிய கோபம் "அழுது அழுது வந்தது, படுக்கட்டும்" என்ற பேச்சின் மேல். இது டாகோட்சுபோவா, நிஜ மாரடைப்பா என்று வீட்டில் யாராலும் சொல்ல முடியாது. ஈசிஜியை மட்டும் பார்த்து டாக்டராலும் சொல்ல முடியாது. டாகோட்சுபோ பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகும். ஆனால் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே நூற்றுக்குச் சுமார் நான்கு பேர் இறக்கிறார்கள், சிலருக்குத் திரும்பவும் வரும். சாவு வீட்டில் நெஞ்சுவலி என்றால் உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

சாட்ஸ்வர்த் மருமகள்:
டப்பாவைப் பார்த்தேன் அண்ணா. மாமா ஆஸ்பத்திரியில் சேர்ந்த வாரத்திலிருந்து பிரஷர் மாத்திரை அப்படியே இருக்கிறது. அத்தைக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்தது மாமாதான். இனி அந்த வேலை என்னுடையது. அக்கா, இன்னொரு சந்தேகம். கருமாதியில் அத்தையை உட்கார விடக்கூடாது, அழுதால் மறுபடி வந்துவிடும் என்று நாத்தனார் பிடிவாதமாக இருக்கிறார். அத்தையோ நான் வருவேன் என்கிறார். என்ன செய்வது?

டோங்காட் நர்ஸ் (ஓய்வு):
டாக்டரிடம் கேட்டுவிட்டுக் கூட்டிப்போங்கள். நாற்காலி போட்டு உட்கார வையுங்கள், வெறும் வயிற்றில் விடாதீர்கள், காலை மாத்திரையைக் கொடுத்துவிடுங்கள். அழட்டும்மா, யாரும் தடுக்காதீர்கள்.