பாலும் தயிரும் இல்லாமல் புரதம் போதுமா?

கேள்வி (மல்லேசுவரம், பெங்களூரு):
வணக்கம். 60 கிலோ எடையுள்ள நான், பால், தயிர் உட்பட எல்லாவற்றையும் விட்டுவிட்டு முழுமையாகத் தாவர உணவுக்கு மாறியிருக்கிறேன். காலையில் இட்லி, மதியம் சாம்பார் சாதம், இரவில் ராகிக் களி. புரதப் பொடி வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பதில் 1:
வேண்டியதில்லை, சகோதரி. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) 2020ஆம் ஆண்டுப் பரிந்துரை. உங்களுக்கு அது ஏறக்குறைய 50 கிராம். குறை சாம்பாரில்தான் இருக்கிறது. 100 கிராம் துவரம்பருப்பில் சுமார் 22 கிராம் புரதம் இருந்தாலும், நம் தட்டில் விழும் ஒரு கரண்டிச் சாம்பாரில் பருப்பு அடியில் கொஞ்சமும் புளித்தண்ணீர் மேலே நிறையவும்தான் இருக்கும். கெட்டியான கூட்டு, கொண்டைக்கடலைச் சுண்டல், கொள்ளுத் துவையல் ஆகியவற்றைச் சேருங்கள். வேர்க்கடலையில் 100 கிராமுக்கு 25 கிராம் அளவுக்கும், மீல்மேக்கரில் (சோயா உருண்டை) 50 கிராம் அளவுக்கும் புரதம் உண்டு; பின்னதன் சுவை எனக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

பதில் 2:
புரதம் அமினோ அமிலங்களால் ஆனது. அவற்றில், அரிசியில் குறைவாக உள்ள லைசின் பருப்பில் மிகுதி. பருப்பில் குறைவான மெத்தியோனின் அரிசியில் உண்டு. இரண்டையும் ஒரே வேளையில் உண்டாக வேண்டும் என்பதில்லை, நாள் முழுவதிலும் சேர்ந்தால் போதும். குளிர்காலத்தில் இங்கே மலிவாகக் கிடைக்கும் அவரைக்கொட்டையை ஊறவைத்துத் தோலைப் பிதுக்கிக் குழம்பு வைத்தால், களிக்கு அதைவிடப் பொருத்தமானது இல்லை.

பதில் 3:
புரதத்தைவிட வைட்டமின் பி12 பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும். பாலையும் விட்டவர்களுக்கு அது தாவர உணவில் நம்பத்தக்க அளவில் கிடைக்காது என்பதால், மருத்துவரிடம் கேட்டு மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள்.