தீபாவளியை விட ஆடிதான்: செமஸ்டரும் தோட்டத்துத் திருவிழாவும்

தோட்டத்துப் பிள்ளை, சுங்கை சிப்புட்

படிக்கிற பிள்ளைகள் தீபாவளிக்குத்தான் ஊர் திரும்புவார்கள் என்று பலரும் நினைக்கிறார்கள். எங்கள் தோட்டத்தில் கேட்டால் ஆடி என்பார்கள். இப்போதைய கணக்கில் இங்கே மலேசியாவில் பல்கலைக்கழகத்தின் முதல் செமஸ்டர் அக்டோபரில் தொடங்குகிறது. 14 வாரம் வகுப்பு, நடுவில் ஒரு வாரம் விடுமுறை, பிறகு ஸ்டடி வீக், அப்புறம் தேர்வு. முடிவதற்குள் பிப்ரவரி வந்துவிடும். இரண்டாவது செமஸ்டர் ஜூலையில் முடியும். அதன் பிறகு அக்டோபர் வரை நீண்ட விடுமுறை. ஜூலை நடுவில்தானே ஆடி பிறக்கிறது!

தீபாவளி அப்படிக் கைகொடுக்காது. 2023-இல் நவம்பர் 12, 2024-இல் அக்டோபர் 31, 2025-இல் அக்டோபர் 20. நவம்பரில் வந்தால் மிட் டெர்ம் தேர்வும் அசைன்மெண்டும் கழுத்தைப் பிடிக்கும். அக்டோபரில் வந்தால் முதலாண்டு மாணவர்கள் விடுதியில் பெட்டியைக்கூடச் சரியாகப் பிரித்திருக்க மாட்டார்கள், பி.டி.பி.டி.என். என்ற அரசாங்கக் கல்விக் கடன் பணமும் கைக்கு வந்திருக்காது. இ.டி.எஸ். ரயில் நம் ஊரில் நிற்பது பெரிய வசதிதான். ஆனால் பெருநாள் டிக்கெட் கிடைத்தால்தானே?

நான் மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையில் படித்தேன். தீபாவளி முடிந்து கிளம்பும்போது அம்மா மைலோ டின்னில் அச்சுமுறுக்கு அடுக்கித் தருவார். அடியில் ஒரு தாள், ஒவ்வோர் அடுக்குக்கும் நடுவில் ஒரு தாள், மூடியைச் சுற்றி டேப். கோலாலம்பூர் வரைக்கும் அது என் மடியில்தான் இருக்கும். உடையாத முறுக்கெல்லாம் அறைத்தோழிகளுக்கு, தூள் எனக்கு. ஹரிராயா முடிந்ததும் கிளந்தான் தோழி டோடோல் இனிப்பு கொண்டுவருவாள், சீனப் பெருநாள் முடிந்ததும் ஈப்போ தோழி மாண்டரின் ஆரஞ்சு கொண்டுவருவாள். விடுதி வாழ்க்கையில் நான் மிகவும் நேசித்தது இதைத்தான்.

ஆடிக்கு வருகிறேன். எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால்மரம் போய் எண்ணெய்ச் செம்பனை வந்துவிட்டது. தொழிலாளர்கள் குடியிருந்த லயத்து வீடுகளை இடித்துவிட்டார்கள். மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. மே மாதம் ஆனால் கோயில் தலைவர் எனக்குப் போன் போடுவார். "பரீட்சை எப்பம்மா முடியுது? நம்ம பசங்க எல்லாரையும் கேட்டுச் சொல்லு." நாங்கள் வந்தால்தான் ரதம் இழுக்கவும் அன்னதானத்துக்குக் காய் நறுக்கவும் ஆள். திருவிழா ஆடியில் எந்த ஞாயிறு என்பதை எங்கள் தேர்வு அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்தார்கள். சில பெரியவர்களுக்கு மனத்தாங்கல்தான். ஆனால் பிள்ளைகள் இல்லாமல் ஐதீகத்தை மட்டும் காப்பாற்றி என்ன பயன்? கமிட்டி செய்தது சரி என்றே சொல்வேன்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்.

பால்குடம், ஈப்போ

ஆடி பற்றிச் சொன்னது உண்மை. எனக்குப் போராட்டமே தைப்பூசம்தான். 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. எப்படிப் பார்த்தாலும் முதல் செமஸ்டரின் கடைசிப் பகுதியிலோ தேர்வுக்குள்ளேயோ வந்து நிற்கும். எங்கள் குடும்பத்தில் ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் பால்குடம் எடுப்பது வழக்கம். 48 நாள் விரதத்தை விடுதியில் இருந்துகொண்டு பிடிப்பது எவ்வளவு பாடு என்று பிடித்தவர்களுக்குத் தெரியும். கேன்டீனில் கங்குங் கீரையில்கூட பெலாச்சான் என்ற இறால் விழுது இருக்கும். ஒருநாள் வெறும் சோற்றை வாங்கிக்கொண்டு நின்றதைப் பார்த்து, அங்கே சமைக்கும் மலாய் அக்கா என்ன விஷயம் என்று கேட்டார். சொன்னேன். மறுநாளிலிருந்து எனக்கென்று தனிக் குவாலிச் சட்டியில் சோயாவில் செய்த தாவுவும் தெம்பேயும் பிரட்டி மூடி வைத்திருப்பார். விரதம் முடியும் வரை ஒருநாள்கூட மறக்கவில்லை. கல்லுமலையில் அவர் பெயருக்கும் ஓர் அர்ச்சனை செய்தேன்.

தங்கை கதை வேறு. தைப்பூச விடுமுறை எல்லா மாநிலத்துக்கும் பொது இல்லை. சிலாங்கூர், கோலாலம்பூர், புத்ராஜெயா, பேராக், பினாங்கு, நெகிரி செம்பிலான், ஜொகூர் ஆகியவற்றில் உண்டு. அவள் படித்தது பட்டியலில் இல்லாத மாநிலத்தில். ஒரு வருடம் தைப்பூசத்தன்றே காலையில் அவளுக்குத் தேர்வு. மாற்றித் தரச் சொல்லிக் கடிதம் கொடுத்தாள், மாற்றவில்லை. தேர்வை எழுதிவிட்டு, நேர்த்திக்கடனைப் பங்குனி உத்திரத்தில் செலுத்தினாள். தைப்பூசத் தேதி முன்கூட்டியே தெரிந்த ஒன்று. அட்டவணை போடுகிறவர்கள் ஒரு தமிழ் நாள்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் போதும். இதை நாம் விடாமல் கேட்க வேண்டும்.

மூன்று பிள்ளைகளின் அம்மா

மகள்தான் டைப் செய்கிறாள். எனக்குத் தெரிந்த சீசன் கொன்வோ. பட்டமளிப்பு விழாவுக்கு ஒரு பட்டதாரிக்கு இரண்டே பேர்தான் மண்டபத்துக்குள் போகலாம் என்றார்கள். நாங்களோ வேன் எடுத்து ஒரு கூட்டமாகப் போயிருந்தோம். என் மாமியார் அந்தக் காலத்தில் பால்மரம் சீவியவர், பேத்தியை வளர்த்ததும் அவர்தான். என் வீட்டுக்காரர் தன் நுழைவுக் கார்டை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டு, "நான் வெளியே திரையில் பார்த்துக்கிறேன், நீங்க உள்ளே போங்கம்மா" என்றார். மாமியாரும் நானும் உட்கார்ந்து பார்த்தோம். பெயர் கூப்பிட்டதும் அவர் எழுந்தே நின்றுவிட்டார். வெளியே வந்ததும் மகள் பட்டமளிப்பு அங்கியான ஜூபாவைக் கழற்றிப் பாட்டிக்குப் போட்டுப் படம் எடுத்தாள். கூடத்தில் இப்போது அந்தப் படம்தான் மாட்டியிருக்கிறது.

தோட்டத்துப் பிள்ளை, சுங்கை சிப்புட்

அம்மா, படிக்கும்போதே கண் கலங்கிவிட்டது. உங்கள் வீட்டுக்காரருக்கு என் வணக்கம்.

நீண்ட விடுமுறையில் என்ன செய்வீர்கள் என்று ஒரு தம்பி தனியாகக் கேட்டிருந்தார். வகுப்பு எடுக்கிறோம். இது புதிய பழக்கம் இல்லை. டாக்டர் தம்பிராஜா 1982-இல் ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி நிலையத்தைத் தொடங்கிய காலத்திலிருந்தே பல்கலைக்கழக மாணவர்கள் தங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்குப் பாடம் சொல்லித் தந்து வருகிறார்கள். நானும் சிறுவயதில் அப்படி ஓர் அக்காவிடம் படித்தவள்தான். நம் கோயில் மண்டபத்தில் திருவிழா முடிந்த கையோடு எஸ்.பி.எம். என்ற பள்ளி இறுதித் தேர்வு எழுதும் பிள்ளைகளுக்கு வகுப்பு தொடங்கும். கணிதத்துக்கு ஆள் கிடைத்துவிடுகிறது, வரலாற்றுக்குத்தான் கிடைப்பதில்லை. 2013 முதல் எஸ்.பி.எம். தேர்வில் மலாய்மொழியோடு வரலாற்றிலும் தேறினால்தான் சான்றிதழ். மற்றப் பாடங்களில் எத்தனை ஏ வாங்கினாலும் இதில் கோட்டை விட்டால் போச்சு.

இந்த ஆடிக்கு ஊரில் இருக்கப்போகிற பல்கலைக்கழகப் பிள்ளைகளில் யார் வரலாறு எடுக்க முடியும்? சனிக்கிழமை காலை இரண்டு மணி நேரம் போதும். சுங்கை சிப்புட் ரயில் நிலையத்திலிருந்து நானே வந்து ஏற்றிக்கொள்கிறேன். உங்கள் கடைசித் தேர்வு என்றைக்கு என்பதையும் சேர்த்து எழுதுங்கள், தலைவரிடம் சொல்ல வேண்டும்.