குற்றவாளி என்று மனசுக்குப் படும் ஆளுக்காக வாதாடலாமா? என் மகளுக்கு என்ன சொல்வது?

மதுரைவள்ளி:

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் மகள் சட்டம் முடித்துவிட்டு ஒன்றரை வருடமாக ஒரு சீனியரிடம் ஜூனியராக இருக்கிறாள், கிரிமினல் பக்கம். இரண்டு மாதம் முன்பு சட்ட உதவி மூலமாக ஒரு கொலை வழக்கு அந்த சீனியரிடம் வந்தது. தனியாக இருந்த வயதான அம்மா, நகைக்காகக் கொலை, பக்கத்துத் தெருப் பையனைப் பிடித்திருக்கிறார்கள். வக்கீல் வைக்க அவன் வீட்டில் காசு இல்லை. கேஸ் கட்டை முழுக்கப் படித்துக் குறிப்பு எடுப்பது என் மகள்தான். ஒரு நாள் ராத்திரி கட்டை மூடி வைத்துவிட்டு, “படிக்கப் படிக்க அவன்தான் செஞ்சிருப்பான்னு தோணுதும்மா” என்றாள். அதோடு சரி, மேலே ஒன்றும் பேசவில்லை.

போன வாரம் சொந்தத்தில் ஒரு வளைகாப்பு. பந்தியில் உட்கார்ந்திருக்கும்போது என் நாத்தனார் எல்லார் முன்னாலும், “கொலைகாரனுக்கு வாதாடுற காசுல உனக்குச் சோறு இறங்குதாடி?” என்று கேட்டுவிட்டார். இவள் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தாள். பாயசம் வருவதற்கு முன் இலையை மூடிவிட்டு எழுந்தாள். வீடு வரும் வரை பேச்சே இல்லை.

எனக்குச் சங்கடம் என்னவென்றால் என்னிடமும் பதில் இல்லை. போரூர் பக்கம் 2017-ல் ஒரு சின்னக் குழந்தைக்கு நடந்த கொடுமை எல்லாருக்கும் நினைவிருக்கும். செங்கல்பட்டில் தூக்கு கொடுத்து, ஹைகோர்ட்டும் அதை உறுதி செய்து, கடைசியில் 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அந்த ஆளை விடுதலை செய்தது. அன்றைக்கு டிவி முன்னால் உட்கார்ந்து வக்கீல்களைத் திட்டியவள் நானும்தான். இப்போது என் மகளே அந்தக் கறுப்பு அங்கியைப் போட்டுக்கொண்டு போகிறாள். அவளை இந்த வேலையை விட்டுவிடச் சொல்வதா, தொடரச் சொல்வதா? இந்தத் தொழிலில் இருப்பவர்கள் மனசில் உள்ளதைச் சொல்லுங்கள்.

செங்கைவக்கீல்:

அக்கா, நான் 22 வருடமாக கிரிமினல் பிராக்டிஸ் செய்கிறேன். நீங்கள் சொன்ன அந்த வழக்கிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அந்தத் தீர்ப்பைப் பற்றி எல்லாரும் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். சாமர்த்தியமான வக்கீல் வந்து சட்டத்தில் ஓட்டை கண்டுபிடித்து ஆளை வெளியே எடுத்துவிட்டார் என்று பேசுகிறார்கள். தீர்ப்பைப் படித்தால் வேறு கதை. நீதிமன்றம் முறைப்படி குற்றச்சாட்டைப் பதிவு செய்த 2017 அக்டோபரில் அந்த ஆளுக்கு வக்கீலே இல்லை. டிசம்பரில்தான் சட்ட உதவி வக்கீல் கொடுத்தார்கள், அப்புறம் சில நாளிலேயே சாட்சி விசாரணை ஆரம்பமாகிவிட்டது. ஒரு தூக்குத் தண்டனை வழக்கின் கட்டைச் சில நாளில் என்ன படிக்க முடியும்? 2018 பிப்ரவரியில் தண்டனையும் வந்துவிட்டது. சிசிடிவி, கடைசியாகச் சேர்ந்து பார்த்த சாட்சி, பொருள் கைப்பற்றியது எதுவும் நிற்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது ஏழரை வருடம் கழித்து. அந்தக் கேள்விகளையெல்லாம் செங்கல்பட்டில் முதல் மாதமே ஒருவர் அழுத்திக் கேட்டிருந்தால், புலனாய்வு அதிகாரிக்கு விழித்துக்கொள்ள வாய்ப்பு இருந்திருக்கும். அரைகுறையாக ஒரு வக்கீலை நிறுத்தி அவசரமாக முடித்ததில் அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு என்ன நியாயம் கிடைத்தது, சொல்லுங்கள்.

உங்கள் மகளுக்கு இதைச் சொல்லுங்கள். பார் கவுன்சில் விதியிலேயே இருக்கிறது: குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியா இல்லையா என்பது பற்றி வக்கீலின் சொந்த எண்ணம் என்னவாக இருந்தாலும் அவருக்காக நிற்க வேண்டும், போதுமான சாட்சியம் இல்லாமல் யாரும் தண்டிக்கப்படக் கூடாது என்கிற சட்டத்துக்குத்தான் வக்கீலின் விசுவாசம். “அவன்தான் செஞ்சிருப்பான்” என்று அவளுக்குத் தோன்றுவதில் தப்பில்லை, எனக்கும் பல கட்டுகளைப் படிக்கும்போது அப்படித் தோன்றியிருக்கிறது. ஆனால் கட்டை எழுதியது யார்? போலீஸ். அதை மட்டும் படித்தால் யாரும் குற்றவாளியாகத்தான் தெரிவார்கள்.

என் நாலாவது வருடம் ஒரு வழிப்பறி வழக்கு. கட்சிக்காரன் மேல் ஏற்கனவே மூன்று வழக்கு, எனக்கு அவன் மேல் துளி நம்பிக்கை இல்லை. கைது மாலை ஐந்து மணி என்று ஒரு தாளில் இருந்தது. அவன் காட்டிக்கொடுத்து எடுத்ததாகச் சொன்ன செயினின் பறிமுதல் மகசரில், அதாவது பொருளை எடுத்த இடத்திலேயே சாட்சி கையெழுத்தோடு எழுத வேண்டிய தாளில், பிற்பகல் மூன்று மணி. பிடிபடுவதற்கு இரண்டு மணி நேரம் முன்னாலேயே எப்படிக் காட்டிக்கொடுத்தான்? இரண்டு தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். போலீசிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் நம் சட்டத்தில் சாட்சியம் ஆகாது, அதன் வழியாக ஒரு பொருள் கிடைத்தால் அந்தப் பகுதி மட்டும் நிற்கும். அதனால் பல வழக்குகளின் உயிரே அந்த ஒரு தாளில்தான் இருக்கிறது. நகை எடுத்த மகசரை நேரம், இடம், சாட்சி கையெழுத்து என்று வரி வரியாகப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேவி_78:

சட்டம் பேசுவது சுலபம். நான் கூண்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள்.

என் அண்ணனை வெட்டிக் கொன்றார்கள். நாலு வருடம் கழித்து வழக்கு நடந்தது. எங்கள் அம்மாவைக் கூண்டில் ஏற்றி எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட முதல் கேள்வி, “உங்க மகன் தினமும் குடிப்பார்தானே?” அடுத்தது, “எத்தனை பேர்கிட்ட கடன் வாங்கியிருந்தார்?” அம்மா தண்ணீர் கேட்டார்கள். தம்ளரைப் பிடிக்கக் கை நிற்கவில்லை, புடவையெல்லாம் நனைந்துவிட்டது. கண்ணால் பார்த்த இரண்டு பேரும் முன்பு சொன்னதை மாற்றிப் பிறழ் சாட்சி ஆகிவிட்டார்கள். எல்லாரும் விடுதலை. செத்துப்போனவன் குடித்தானா என்பதற்கும் அவனை யார் வெட்டினார்கள் என்பதற்கும் என்ன சம்பந்தம் என்று இன்று வரை எனக்கு விளங்கவில்லை.

மகசரில் நேரம் தப்பு என்று கண்டுபிடிப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தன் கட்சிக்காரன்தான் செய்தான் என்று நன்றாகத் தெரிந்துகொண்டே ஒரு தாயை அப்படிக் குடைவதைத் தொழில் தர்மம் என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். வள்ளி அக்கா, உங்கள் மகள் நல்லவளாக இருப்பதால்தான் சோறு இறங்கவில்லை. அந்தச் சங்கடம் அவளை விட்டுப் போகாமல் இருக்கட்டும்.

ஓய்வு_எஸ்எஸ்ஐ:

தேவி அம்மா, படித்துவிட்டு ரொம்ப நேரம் எழுதத் தோன்றவில்லை. சாட்சிகள் மாறிப்போனதற்குப் பெரும் பங்கு எங்கள் போலீஸ் துறையுடையது. நாலு வருடம் அவர்களை அதே தெருவில், வெட்டியவர்களின் சொந்தக்காரர்கள் நடுவில் விட்டுவிட்டுக் கூண்டில் வந்து உண்மையைச் சொல் என்றால் யார் சொல்வார்கள்? சாட்சிகளைப் பாதுகாக்க ஒரு திட்டம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதே 2018 டிசம்பரில்தான். கேட்டால் கிடைக்கும் என்று இன்னும் பாதிப் பேருக்குத் தெரியாது.

நான் 30 வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவன். ஆரம்பத்தில் ஸ்டேஷன் மேசையில் உட்கார்ந்தே மகசர் எழுதுவோம், தெரிந்த இரண்டு பேரைக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்குவோம். ஒரு வழக்கில் வயசான வக்கீல் ஒருவர் எழுந்து, “அந்த இடத்துல ஒரு மரம் இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, என்ன மரம்?” என்று கேட்டார். வேப்பமரம் என்றேன். புளியமரம். நான் அந்த இடத்துக்குப் போகவே இல்லை என்பது அந்த ஒரு கேள்வியில் தெரிந்துபோனது. வழக்கு போச்சு. உண்மையில் தப்பு செய்தவன்தான் அவன், என் சோம்பலால் வெளியே போனான். அன்றைக்கு அந்த வக்கீல் மேல் வந்த கோபம் அடங்க எனக்கு ஒரு வருடம் ஆனது. ஆனால் அதற்குப் பிறகு ஒரு மகசர்கூட இடத்துக்குப் போகாமல் எழுதியதில்லை. வள்ளி அம்மா, உங்கள் மகள் நன்றாகக் குறுக்கு விசாரணை செய்யட்டும், எங்கள் ஆட்கள் சரியாக வேலை செய்வார்கள்.

ஜூனியர்_பாரிமுனை:

பெரியவர்கள் பேசுகிற இடம், இருந்தாலும் ஒன்று சொல்லணும். 2018 ஜூலையில் அயனாவரம் வழக்கு. காது கேளாத சிறுமி, 17 பேர் கைது. அவர்களுக்காக யாரும் ஆஜராக மாட்டோம் என்று ஹைகோர்ட் வக்கீல்கள் சங்கம் அறிவித்தது. மகளிர் நீதிமன்றத்திலிருந்து அவர்களைப் படிக்கட்டில் இறக்கும்போது வக்கீல்களே அடித்தார்கள். நான் அப்போது கல்லூரி மாணவன். அடித்தது சரிதான் என்று விடுதியில் சத்தம் போட்டவர்களில் நானும் ஒருவன்.

2020 பிப்ரவரியில் தீர்ப்பு வந்தது. 15 பேர் குற்றவாளிகள், ஒருவர் வழக்கு முடியும் முன்பே சிறையில் இறந்துவிட்டார், ஒருவர் விடுதலை. அந்த விடுதலையான ஒருவரைப் பற்றித்தான் நான் அடிக்கடி நினைப்பேன். படிக்கட்டில் யார் யார் மேல் அடி விழுகிறது என்று பார்த்தா அடித்தோம்? யாரும் ஆஜராகாமல் இருந்திருந்தால் 15 என்பது 16 ஆகியிருக்கும். ஆஜரானதால் அந்தத் தீர்ப்பில் மற்ற 15 பேரும் தப்பிக்கவும் இல்லை.

கோவையிலும் இப்படி ஒரு தீர்மானம் போட்டார்கள். வக்கீல்களுக்கும் போலீசுக்கும் நடந்த மோதலில் குற்றம் சாட்டப்பட்ட போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று. அந்த விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2010 டிசம்பரில், இப்படிப்பட்ட தீர்மானம் எந்தச் சங்கம் போட்டாலும் செல்லாது, எவ்வளவு கெட்டவனாக இருந்தாலும் அவனுக்கு நீதிமன்றத்தில் வாதாட ஆள் வேண்டும் என்று சொல்லிவிட்டது. நம் ஊர் வழக்கில் வந்த தீர்ப்பு, நம் ஊரிலேயே எட்டு வருடத்தில் மறந்துபோனது.

ராஜீவ் கொலை வழக்கையும் யோசித்துப் பாருங்கள். 1998 ஜனவரியில் பூந்தமல்லி தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. நாடே கோபத்தில் இருந்த காலம் அது. அவர்களுக்காக ஒருவர் கட்டைத் தூக்கிக்கொண்டு போயிருக்காவிட்டால் அந்த 19 பேர் என்ன ஆகியிருப்பார்கள்?

செங்கைவக்கீல்:

தேவி அம்மாவுக்குப் பதில் சொல்லாமல் போக முடியவில்லை.

உங்கள் அம்மாவிடம் கேட்கப்பட்ட அந்தக் கேள்விகள் தப்பு. குடிப்பழக்கம் வழக்கோடு சம்பந்தப்பட்டதாக இருந்தால் ஒழிய, அரசு வக்கீல் அந்த இடத்திலேயே எழுந்து ஆட்சேபித்திருக்க வேண்டும், நீதிபதியும் நிறுத்தியிருக்க வேண்டும். அவதூறான கேள்வியைத் தடுக்க நீதிபதிக்குச் சட்டத்தில் அதிகாரம் இருக்கிறது. குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான போக்சோ வழக்கில் இன்னும் கடுமை: குழந்தையிடம் வக்கீல் நேராகக் கேட்கவே முடியாது, கேள்வியை நீதிபதியிடம் கொடுக்க வேண்டும், அவர்தான் குழந்தையிடம் கேட்பார். மற்ற வழக்குகளில் உங்கள் அம்மா மாதிரி ஆட்களுக்கு அந்தக் காவல் இல்லை. அது இருக்க வேண்டும் என்பதில் நான் உங்கள் பக்கம்.

கட்சிக்காரனே “நான்தான் செஞ்சேன்” என்று சொல்லிவிட்டால்? 1840-ல் லண்டனில் கூர்வாசியே என்கிற வேலைக்காரர் தன் முதலாளியான ஒரு பிரபுவைக் கொன்ற வழக்கு. விசாரணை பாதியில் இருக்கும்போது தன் வக்கீல் சார்லஸ் பிலிப்ஸிடம் உண்மையை ஒப்புக்கொண்டார். பிலிப்ஸ் ஆடிப்போய் அங்கிருந்த இன்னொரு நீதிபதியிடம் யோசனை கேட்க, விலகக் கூடாது, தொடருங்கள் என்றார் அவர். கூர்வாசியே தூக்கிலிடப்பட்டார். தீர்ப்புக்குப் பிறகு விஷயம் வெளியே வந்து, பிலிப்ஸைப் பல வருடம் விடாமல் திட்டினார்கள். தொடர்ந்து வாதாடியது எனக்குத் தப்பாகத் தெரியவில்லை. உண்மை தெரிந்த பிறகும் அந்த வீட்டு வேலைக்காரப் பெண் மேல் சந்தேகம் விழும்படி பேசினார் என்பதுதான் அவர் மேல் விழுந்த பெரிய பழி. அவர் அப்படிப் பேசியிருந்தால் மன்னிக்கவே முடியாது என்பேன். தெரிந்த பிறகு பொய்ச் சாட்சியை ஏற்றக் கூடாது, வேறு ஒருவர் மேல் பழியைத் தள்ளக் கூடாது. “இவர் செய்யவில்லை” என்று நானாகச் சொல்ல மாட்டேன். “இவர்தான் செய்தார் என்று அரசு நிரூபித்துவிட்டதா?” என்று மட்டும் கேட்பேன். இரண்டும் ஒன்றில்லை, அம்மா. இந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்கள் எங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள் என்பதையும் மறைக்கவில்லை.

தேவி_78:

மற்றவர் மேல் பழி போடக் கூடாது என்றீர்களே, செத்தவர் மேலும் போடக் கூடாது. அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள் சார்.

மதுரைவள்ளி:

எல்லாவற்றையும் மகளுக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். தேவி எழுதியதை இரண்டு தடவை படிக்கச் சொன்னாள். அப்புறம் அவளாகவே போய்க் கட்டை எடுத்து வைத்துக்கொண்டாள். இறந்துபோன அந்த அம்மாவின் மருமகளைக் குறுக்கு விசாரணை செய்ய எழுதி வைத்திருந்த கேள்விகளில் மூன்றை அடித்துவிட்டாள், எதற்கு என்று நான் கேட்கவில்லை. மகசரையும் பார்த்தாள். பார்த்துவிட்டு, அதில் கையெழுத்துப் போட்ட சாட்சிகளில் ஒருத்தர்

செங்கைவக்கீல்:

அக்கா, நிறுத்துங்கள். வழக்கு விவரம் இங்கே எழுத வேண்டாம், அது அந்தப் பையனுடையது. இதுவரை எழுதியதையும் முடிந்தால் எடுத்துவிடுங்கள். பார்த்ததை நாளைக்குக் காலையில் சீனியரிடம் சொல்லச் சொல்லுங்கள், அடுத்த வாய்தாவுக்கு முன்னால் சிறைக்குப் போய் அவனை ஒரு தடவை நேரில் பார்த்துவிட்டு வரட்டும்.